கார்ட்டூன் மேசையிலிருந்து கன்வஸுக்கு: கல்லடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு வருடம் அனிமேஷன் படங்களுக்கு வரைந்தேன். இப்போது ஆறு வருடமாகக் கன்வஸில் வரைகிறேன். சனிக்கிழமைகளில், மட்டக்களப்புக் கல்லடியில், என் வீட்டு விறாந்தையில் ஒரு சிறு வகுப்பு நடக்கிறது. அங்கு வரும் பிள்ளைகளும், அவர்களை அழைத்து வரும் பெற்றோரும், கொழும்பில் இன்னும் திரைக்கு வரையும் பழைய நண்பர்களும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். சொன்னதையே திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

அனிமேஷனை ஏன் விட்டீர்கள்?

முழுதாக விடவில்லை. மாதத்தில் ஒரு வாரம் இன்னும் அந்த வேலைதான் அடுப்பை எரிக்கிறது. ஆனால் நல்ல வருமானத்தைக் குறைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு என்பதுதான் கேட்பவரின் மனதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கணக்கைச் சொன்னால் விளங்கும். திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். வேலையைக் குறைக்க ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்துவார்கள். அப்போதும் வினாடிக்கு 12 படங்கள், ஒரு நிமிடத்துக்கு 720. மூத்த கலைஞர் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார்: கை கீழே, கை மேலே. நடுவில் வரும் கைகள் எல்லாம் என்னுடையவை. இடைப்படம் வரைபவன் என்பது என் பதவி. இடைப்படம் சரியாக இருந்தால் யாருக்கும் தெரியாது. பிழைத்தால் மட்டும் எல்லோர் கண்ணிலும் குத்தும்.

ஒருநாள் அம்மா, "இவ்வளவு காலம் வரைந்தாயே மகன், நல்லதாக ஒன்றைக் காட்டு, சுவரில் கொழுவலாம்" என்றார். கணினியைத் திறந்து, முயல் ஒன்று வேலி பாய்வதைக் காட்டினேன். மூன்று வினாடி. படம் முடிந்த பிறகும் அம்மா திரையைப் பார்த்தபடியே இருந்தார், இன்னும் வரும் என்று நினைத்து. அடுத்த வாரம் முதல் கன்வஸை வாங்கினேன். அது கோபத்தில் வாங்கியதா வெட்கத்தில் வாங்கியதா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கார்ட்டூன் வரையத் தெரிந்தவருக்கு ஓவியம் சுலபமாக வருமா?

பாதி வரும். மீதிப் பாதியை மறக்கவேண்டும், மறப்பதுதான் கடினம்.

உதவுவது எது என்று முதலில் சொல்கிறேன். உடம்பின் நிலையை ஒரே வீச்சில் பிடிக்கக் கை பழகியிருக்கும். உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பினாலும் அவன் என்ன செய்கிறான் என்று தெரிகிறதா என்று சோதிக்கத் தெரியும். காட்சியை எங்கிருந்து பார்ப்பது, எதை வெட்டுவது என்பதை, காட்சிகளை முன்கூட்டி வரிசையாக வரைந்து பார்க்கும் கதைப்பலகை கற்றுத் தந்திருக்கும். வெற்றுக் கடதாசியைக் கண்டு பயம் வராது. ஓவியம் முறையாகப் படித்த பலருக்கே இந்தத் தைரியம் இல்லை.

இனித் தடை. அது கோடு. கணினி அனிமேஷனில் ஓர் உருவத்துக்கு நிறம் நிரப்பவேண்டுமென்றால் அதன் எல்லைக்கோடு எங்கும் மூடியிருக்கவேண்டும். ஓர் ஊசிமுனை இடைவெளி விட்டால் போதும், நிறம் கசிந்து திரை முழுவதையும் மூடிவிடும். பதினொரு வருடம் இடைவெளிகளை அடைத்தே பழகிய கை என்னுடையது. கணினிக்கு முந்திய காலத்திலும் கதை அதேதான்: தெளிந்த பிளாஸ்டிக் தாளின் முன்பக்கத்தில் கோட்டை இழுத்து, பின்பக்கத்தில் நிறத்தைப் பூசுவார்கள். முன்னால் இருந்து பார்த்தால் தூரிகைத் தடமே தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் நோக்கம்.

ஓவியத்தில் எல்லாம் தலைகீழ். என்னுடைய முதல் இருபது படங்களிலும் தோணிக்கு ஒரு கரைக்கோடு, தென்னைக்கு ஒரு கரை, அம்மாவின் மூக்குக்கு ஒரு கரை. பிள்ளைகளின் நிறம் தீட்டும் கொப்பி போல இருக்கிறது என்றார் ஒரு நண்பர். பிறகு ஒரு விடியற்காலை கல்லடிப் பாலத்தில் நின்றேன். 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தைச் சொல்கிறேன்; வாகனங்கள் பக்கத்துப் புதிய பாலத்தால் போகின்றன. கீழே ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். தோணியின் வெளிச்சம் விழுந்த பக்கம் தெளிவாக இருந்தது. நிழல் பக்கமும் வாவித் தண்ணீரும் ஒரே நிறம். தோணி எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது? எவ்வளவு நேரம் பார்த்தும் பிடிபடவில்லை. கரை அங்கு இல்லை. நான்தான் இத்தனை நாளும் அதைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பயிற்சி வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெளிச்சம், நடு, இருள் என்று மூன்றே மூன்று நிறத்திட்டுகள், அகலத் தூரிகை. கோடு கூடாது. ஒரு மாதம் தினமும் ஒன்று. முதல் வாரம் கை நடுங்கும், புகைத்தலைக் கைவிட்டவனைப் போல.

அப்படியென்றால் இடைப்படம் வரைந்த அந்தப் பதினொரு வருடமும் வீணா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் நாட்டுக்கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்துத்தான் அந்த எண்ணத்தை மாற்றியது. கூத்து ஆடும் வட்ட மேடையான வட்டக்களரியைச் சுற்றி இரவு முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். எல்லோரும் படம் பிடிப்பது அரசன் வரவு ஆடி வந்து, வாளைத் தூக்கி நிற்கும் அந்த நிலையை. கைப்பேசிகள் எல்லாம் அதற்காகத்தான் உயர்ந்தன. என் கொப்பியில் விழுந்ததோ அதற்கு முந்திய கணங்கள்: திரும்பும்போது ஒரு காலில் நிற்கும் எடை, தாளம் மாறுவதற்குச் சற்று முன் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் பக்கம் போகும் அரசனின் பார்வை, கிரீடத்தைப் பிடிக்கப் போய் பிடிக்காமல் விட்ட கை. அனிமேஷனில் இவற்றுக்குப் பெயர் இடைப்படம். சின்னவர்களுக்குத் தள்ளிவிடும் வேலை. அந்த இரவின் கொப்பியிலிருந்து எட்டு ஓவியங்கள் வந்தன. எட்டிலும் வாள் உயரவில்லை.

எண்ணெய் வர்ணமா, அக்ரிலிக்கா? எங்கள் காலநிலைக்கு எது சரி?

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டுப் புத்தகங்கள் தரும் பதிலை நம்பவேண்டாம். அவர்களுக்குக் கச்சான் காற்றுத் தெரியாது. (கடலையைச் சொல்லவில்லை, மேற்கிலிருந்து வந்து தோலை உரிக்கும் அந்தக் காற்றைச் சொல்கிறேன்.)

அக்ரிலிக் தண்ணீர் ஆவியாவதால் காய்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் கன்வஸில் காய்வதற்கு முன் தட்டிலேயே காய்ந்துவிடும். தட்டையான தட்டு ஒன்றில் நனைத்த துணியை விரித்து, அதன்மேல் எண்ணெய்க் கடதாசியைப் போட்டு, அதில் நிறத்தைப் பிழியுங்கள். அரை நாள் தாங்கும். காய்ந்த அக்ரிலிக் ஈரத்தில் இருந்ததைவிடச் சற்று இருண்டு தெரியும் என்பதையும் கணக்கில் வைத்துக் கலக்கவேண்டும். இன்னொன்று, சூட்டில் அது இளகும். இரண்டு ஓவியங்களை முகத்தோடு முகம் வைத்துக் கட்டிக் கொழும்புக்கு பஸ்ஸில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது அவை ஒன்றையொன்று விடவில்லை. பிரித்தெடுத்ததில் ஒன்றின் வானம் மற்றதன் வயலில் ஒட்டியிருந்தது.

எண்ணெய் வர்ணம் ஆவியாவதால் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் நாட்கணக்கு, தடிப்பாகப் பூசினால் வாரக்கணக்கு. கார்த்திகை, மார்கழி மழையில் இன்னும் இழுபடும், கன்வஸின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும். சுவரில் சாய்க்காமல் காற்றுப் படும்படி வையுங்கள். பழுதாகிவிடுமோ என்று பயந்து அலுமாரிக்குள் பூட்டவேண்டாம்: இருட்டில் எண்ணெய் மஞ்சளாகும். கீழ்ப்படையில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போகக் கூடுதல். இந்த வரிசையை மாற்றினால் மேற்படை வெடிக்கும். மெருகெண்ணெய் (வார்னிஷ்) பூச ஆறு மாதமாவது பொறுக்கவேண்டும்.

கார்ட்டூனிலிருந்து வருகிறவருக்கு என் தீர்ப்பு: அக்ரிலிக்கில் தொடங்குங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். சட்டென்று காய்வதால் அது தட்டையான நிறத்துக்கும் கூரான கரைக்கும் வசதி செய்து கொடுத்து, நமது பழைய வியாதியைத் தடவிக் கொடுக்கும். கரையைக் கரைக்கக் கற்றுத் தந்தது எனக்கு எண்ணெய்தான். மறுநாளும் ஈரமாக இருந்து, திரும்ப வந்து விரலால் தேய்க்க விடும்.

பொருட்கள் எங்கே கிடைக்கும்?

பள்ளிப் பிள்ளைகளுக்கான தரம் நகரத்துப் புத்தகக் கடைகளில் கிடைக்கும். பயிற்சிக்குப் போதும். ஓவியர் தரத்துக்குக் கொழும்புதான். உதயதேவி ரயிலில் வருகிற யாரையாவது பிடித்துப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். கன்வஸை நீங்களே அடிக்கலாம்: பருத்திச் சீலை, தச்சரிடம் சொல்லிச் செய்த சட்டம், ஆணி. ஆனால் வெறுஞ்சீலையில் எண்ணெய் வர்ணத்தைப் பூசாதீர்கள். எண்ணெய் நூலை நாளடைவில் மக்கச் செய்யும். முதலில் வெள்ளை அடித்தளம் இரண்டு படை. அதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

திரையில் பளிச்சென்று வரும் நிறம் ஏன் கன்வஸில் செத்துப்போகிறது?

திரை வெளிச்சத்தைத் தருகிறது. சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டக் கூட்ட வெள்ளைக்குப் போகும். வர்ணம் வெளிச்சத்தைத் தின்கிறது. கலக்கக் கலக்கச் சேற்றுக்குப் போகும். பாசிக்குடாவின் நண்பகல் நீலத்தைத் திரையில் ஒரு சொடுக்கில் எடுத்துவிடலாம். குழாயிலிருந்து அப்படி எடுக்கவே முடியாது. பக்கத்தில் இருப்பதை அடக்கித்தான் அதை எழுப்பவேண்டும். மணலைக் கொஞ்சம் சாம்பல் கலந்த காவியாக்குங்கள், கடல் தானாக எரியும்.

ஆரம்பத்தில் நான்கு குழாய் போதும்: டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் காவி, சுட்ட சியன்னா என்ற செங்கபிலம், அல்ட்ராமரீன் நீலம். கறுப்பு வாங்கவேண்டாம். கடைசி இரண்டையும் கலந்தால் கறுப்புக்கு மிகப் பக்கத்தில் ஓர் இருள் வரும். அதில் நீலத்தைக் கூட்டினால் வாவியின் நிழல், காவியைக் கூட்டினால் வைக்கோல் போரின் நிழல்.

செய்ததை மீளப்பெறும் பொத்தான் இல்லாமல் எப்படி வேலை செய்வது?

பொத்தான் இருக்கிறது. பழைய துணி என்று பெயர். தட்டுக்கத்தியாலும் வழிக்கலாம். முதல் மாதம் என் இடது கை காற்றில் கணினியில் அதற்கான இரண்டு விசைகளைத் தேடி அழுத்தியது உண்மைதான்.

இப்படி மாறிப் போனவர்கள் முன்னரும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், பக்கத்திலேயே. இலங்கையின் நவீன ஓவியத்தைத் தொடக்கிவைத்த 43 குழுவில், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலானோருடன் ஒப்ரி கொலெற்றும் இருந்தார். பத்திரிகைக் கேலிச்சித்திரத்தில் அரசியல்வாதிகளை வாட்டியெடுத்த அதே மனிதர்தான். 1943 இல் அந்தக் குழுவில் யாரும் அவரைக் கார்ட்டூன்காரன் என்று வாசலில் நிறுத்தவில்லை.

பிரான்சில் தோமியே. 1832 இல் மன்னன் லூயி பிலிப்பைக் கேலியாக வரைந்ததற்காகச் சிறைக்குப் போனவர். பத்திரிகைகளுக்காக அவர் கல்லச்சில் வரைந்தவை ஏறத்தாழ 4,000. ஓவியங்களை வீட்டில் ஓரமாகத் தீட்டி வந்தார். அவற்றுக்கான பெரிய கண்காட்சி 1878 இல் நடந்தபோது பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. அடுத்த வருடம் இறந்தார். இந்தக் கதையை நான் ஊக்கம் தருவதற்காகச் சொல்லவில்லை. தள்ளிப் போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

லியோனல் ஃபைனிங்கர் 1906 இல் சிகாகோப் பத்திரிகை ஒன்றுக்குச் சித்திரக்கதை வரைந்தார். 1919 இல் ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் ஆசிரியரானார். அனிமேஷனுக்கு உள்ளிருந்தே வந்தவர் ஐவின் எர்ல்: 1959 இல் வந்த டிஸ்னியின் தூங்கும் அழகி படத்தின் பின்னணிகளுக்குத் தோற்றம் கொடுத்தவர், பிறகு நிலக்காட்சி ஓவியராகவே வாழ்ந்தார். அவருடைய மரங்களில் கரை கூராகவே இருக்கிறது. நான் மேலே சொன்னதற்கு எதிர்ச்சாட்சி அவர். இருக்கட்டும்.

எதிர்த்திசையையும் சொல்லவேண்டும். சிரித்திரன் இதழை நடத்திய கேலிச்சித்திரக்காரர் சுந்தர் ஒரு தலைமுறைத் தமிழரைக் கோட்டாலேயே சிரிக்க வைத்தார். தன் கார்ட்டூன் பாத்திரம் சவாரித்தம்பரை எண்ணெய் வர்ணத்தில் தீட்டியிருந்தால் அவர் பெரிய கலைஞராகியிருப்பார் என்று யாராவது சொன்னால் நான் அப்படிச் சொன்னவரின் விறாந்தையில் உட்காரமாட்டேன்.

இதற்கு முறையாகப் படிக்கவேண்டுமா?

கல்லடியிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசை, நடனம், நாடகத்தோடு கட்புலக் கலையும் அங்கு படிக்கலாம். உயர்தரம் முடித்த பிள்ளைகள் முதலில் அந்த வழியைப் பார்க்கட்டும். என்னைப் போல வயது தாண்டியவர்கள், அங்கு மாணவர் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் போய்ப் பாருங்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஒன்று நீங்கள் இரண்டு வருடமாக முட்டி மோதும் இடத்தைச் சாவகாசமாகக் கடந்திருப்பதைக் காண்பது உடம்புக்கு நல்லது.

இங்கே எதை வரைவது? வாவி, தோணி, அஸ்தமனம் போதாதா?

விற்பதற்குப் போதும். எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனை வரையச் சொல்லியும் கேட்பார்கள். பாட்டை எப்படி வரைவது என்று திருப்பிக் கேளுங்கள்.

எங்கள் முன்னோர் வாவியின் கிழக்குக் கரைக்கு எழுவான்கரை என்றும் மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்றும் பெயர் வைத்தார்கள். சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். வெளிச்சத்தை வைத்து ஊருக்குப் பெயரிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், ஆனால் வெளிச்சத்தைப் பார்ப்பதேயில்லை. ஒரே வேலியை, ஒரே கிணற்றுக்கட்டை, காலையும் மாலையும் பத்து நாள் தீட்டுங்கள். அம்பாறைப் பக்கம் போனால் மருதமுனைத் தறிகளில் பாவு நூலுக்குக் குறுக்கே வெயில் விழுவதைப் பாருங்கள். அடுக்கிவைத்த தயிர்ச்சட்டிகள், வயல் எரிந்த பிறகு மண், மீன்வாடியில் பனிக்கட்டியின் மேல் கிடக்கும் திருக்கை. இவற்றுக்குச் சுற்றுலாப் பயணி நிற்கமாட்டார்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றை எதிர்பார்ப்பார்கள்: போர், சுனாமி. 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு கல்லடிக் கடற்கரைத் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்து நின்றது. அதை வரைந்து தரும்படி என்னிடம் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வரைந்தேன், ஒருமுறை. விற்கவில்லை. வரையவேண்டியது உங்களுக்குள் இருந்தால் வரையுங்கள். யாருடைய கண்காட்சித் தலைப்புக்கோ பொருந்துவதற்காக வரையாதீர்கள்.

வயிற்றுப்பாடு?

ஓவியத்தை மட்டும் நம்பி நான் வாழவில்லை. பாடசாலைச் சுவர் ஓவியம், சிறுவர் புத்தகப் படங்கள், அந்த ஒரு வார அனிமேஷன் என்று கலந்துதான் ஓடுகிறது. கொழும்பில் வருடந்தோறும் நடக்கும் கலா பொல திறந்தவெளிச் சந்தையில் வாங்குபவரிடம் நேரே பேசி விற்கலாம். முதல் தடவை போகிறவர்கள் சிறிய அளவுகளையே கொண்டு போங்கள். பெரியதைத் திருப்பித் தூக்கி வருவது மனதுக்கும் முதுகுக்கும் பாரம்.

ஓர் அனிமேஷன் நிறுவனம் எனக்கு நான்கு மாதக் கூலியைத் தராமலே விட்டது. அதிலிருந்து பாதி முற்பணம் வாங்காமல் தூரிகையை நனைப்பதில்லை. ஓவியத்துக்கும் இதே விதிதான், கேட்பவர் மச்சான் ஆனாலும்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் வரைகிறதே?

இடைப்படங்களைத்தான் அது முதலில் எடுத்துக்கொண்டது. என் பழைய நாற்காலி. நண்பர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது குரல் தாழ்கிறது; அவர்களிடம் நான் தத்துவம் பேசுவதில்லை. எண்ணெய் வர்ணத்துக்கு மாறுவது வேலைப் பாதுகாப்பு அல்ல என்பதை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஓவியம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

அனிமேஷனில் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முடியும். இங்கு வெள்ளிக்கிழமை இல்லை. நான் செய்வது: படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி இரண்டு வாரம் விடுவேன். திருப்பிப் பார்க்கும்போது கை எங்கே போக விரும்புகிறது என்று கவனிப்பேன். ஏதாவது ஒரு கரையை மூடப் போனால், படம் அப்போதே முடிந்துவிட்டது, பழைய கைதான் வேலை தேடுகிறது. அம்மாவின் முன்னறையில் தொங்கும் அந்தத் தோணிப்படம் மட்டும் விதிவிலக்கு. காய்வதற்குள் அவரே எடுத்துக்கொண்டு போய்க் கலண்டருக்குப் பக்கத்தில் கொழுவிவிட்டார். அதன் வலது மூலையில் இன்னும் ஒரு நாள் வேலை இருக்கிறது. கேட்டால் தரமாட்டேன் என்கிறார்.

சனிக்கிழமை வகுப்புக்கு என்ன கொண்டு வரவேண்டும்?

அகலத் தூரிகை ஒன்று, பழைய துணி இரண்டு, தண்ணீருக்கு ஒரு பால்மா பேணி. அழிறப்பர் வேண்டாம். காலை எட்டு மணி. மழை பெய்தாலும் வகுப்பு உண்டு, விறாந்தை நனையும், அவ்வளவுதான்.